ஒக்டோபர் பதினோராம் திகதிப் பக்கம்

2024 மார்ச் 14, வியாழக்கிழமை. ஜெர்மனியில், எசன் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத் தூரத்தில் இருக்கும் ஒரு நிர்வாக நீதிமன்றத்தின் இரண்டாம் மாடி. நேரம் காலை 10.50. வெளியே ஏழு பாகை, தூறல். சாட்சியைக் கூப்பிடும்வரை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நடைபாதையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். என் மடியில், மழை படாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிய என் 2022ஆம் ஆண்டு நாட்குறிப்பு இருந்தது. உள்ளே ஒரு மனிதர், தன்னைத் திருப்பி அனுப்பினால் சிறைக்குத்தான் போவேன் என்று நீதிபதியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்வது பின்னால் கட்டிய கதை அல்ல என்பதற்கு அந்த நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைத் தவிர வேறு சான்று இல்லை. அந்தப் பக்கத்தை உலகத்தில் யாரும் வாசிக்கக் கூடாது என்று இரண்டு மாதமாக விரும்பிக்கொண்டிருந்தவன் நான்.

நேரமும் பாகையும் ஞாபகத்திலிருந்து வந்தவை அல்ல. அன்றைய பக்கத்தைப் பார்த்து எழுதுகிறேன். முப்பது வருடங்களுக்கு மேலாக ஒரு நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பயத்தில் தொடங்கிய பழக்கம். 1990இல், இருபத்தொரு வயதில், இலங்கையிலிருந்து அகதியாக இங்கே வந்தேன். முதல் விசாரணையில், ஆமி எங்கள் வீட்டைச் சோதனை போட்ட நாளை ஓரிடத்தில் மே மாதம் என்றும் இன்னோரிடத்தில் ஜூன் என்றும் சொல்லிவிட்டேன். அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டு விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். வழக்குப் போட்டு வெல்ல மூன்று வருடம் பிடித்தது. இனி என் வாழ்க்கையில் எந்த நாளையும் யாரும் சந்தேகப்படக் கூடாது என்று எழுதத் தொடங்கினேன். காலநிலை, பஸ் வந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், சந்தித்த ஆட்கள், சாப்பாடு. கறுப்பு மை, நாளுக்கு ஒரு பக்கம். அவை அலமாரியில் வருட வரிசையில் நிற்கின்றன.

எனக்கு வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில். வைத்தியசாலைகளிலிருந்தும் முதியோர் இல்லங்களிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, அழுத்தி, மடித்து அனுப்புவோம். விரிப்பை அழுத்தும் இயந்திரத்துக்கு எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இடது மூலையையும் மற்றவர் வலது மூலையையும் பிடித்து, ஒரே நேரத்தில் உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருவர் அரை வினாடி பிந்தினாலும் விரிப்பு கோணலாகப் போய்விடும். எட்டு மணி நேரம் அப்படி நின்றால் மற்றவருக்கு எப்போது தும்மல் வரும் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

2022 செப்டெம்பர் 5, திங்கட்கிழமை என் இயந்திரத்துக்கு ஒரு புதிய ஆளைக் கொண்டுவந்து விட்டார்கள். மத்திய ஆபிரிக்காவில் இருக்கும் கமரூன் நாட்டுக்காரர். முப்பத்தாறு வயது. அங்கே கணித ஆசிரியர். இங்கே அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர். நாங்கள் இருவரும் பேசியது ஜெர்மன் மொழியில். இங்கே தமிழாக்கித் தருகிறேன். பகிடிக்காரர். நான் இடைவேளையில் சின்னக் கொப்பியில் நேரம் குறிப்பதைக் கண்டு இரண்டாம் நாளே எனக்கு 'மிஸ்டர் கலண்டர்' என்று பெயர் வைத்துவிட்டார். "மிஸ்டர் கலண்டர், போன செவ்வாய்க்கிழமை நான் சந்தோஷமாக இருந்தேனா?" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்பார்.

என் மனைவி தினமும் ஒரு பிளாஸ்க் நிறைய இஞ்சித் தேநீர் தந்துவிடுவார். பிளாஸ்க்கின் மூடிதான் கப். நான் குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவி அவருக்கு ஊற்றிக் கொடுப்பேன். சில நாள் அவர் முதலில் குடிப்பார்.

அவருக்கு நவம்பர் 22ஆம் திகதி விசாரணை என்று கடிதம் வந்தது. நான் கேஸ் எழுதித் தருகிறேன் என்றேன். தொண்ணூறுகளில் இங்கே அகதிகள் விடுதியில் இருந்த எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விசாரணைக்குப் போக இருப்பவர், முன்பே போய் வந்த ஒருவரிடம் தன் கதையைச் சொல்வார். கேட்பவர் அதை ஒழுங்குபடுத்தி, திகதி போட்டு, எதைச் சொல்வது எதை விடுவது என்று தீர்மானித்து ஒரு கொப்பியில் எழுதிக் கொடுப்பார். போகிறவர் அதைப் பாடமாக்கிக்கொண்டு போவார். எங்கள் விடுதியில் அந்தக் கொப்பிகளை எழுதியவன் நான்தான். என் கேஸில் தோற்ற பிறகு மற்றவர்களின் கேஸில் கெட்டிக்காரனாகிவிட்டேன். எனக்கென்று ஒரு விதியும் வைத்திருந்தேன். ஒரு கேஸ், ஒரு காரணம். இரண்டு காரணம் சொன்னால் அதிகாரி இரண்டையும் நம்பமாட்டார். நான் எழுதியவர்களில் அநேகமானோருக்கு விசா கிடைத்தது.

அவருடைய நாட்டில் ஆங்கிலம் பேசும் இரண்டு மாகாணங்களில் சில வருடங்களாகச் சண்டை. இவர் அந்தப் பகுதிக்காரர். பாடம் நடத்தினால், பள்ளிக்கூடங்களைப் பகிஷ்கரிக்கச் சொன்ன தனிநாட்டு இயக்கக்காரர் அடிப்பார்கள். நடத்தாவிட்டால் ஆமி சந்தேகப்படும். 2017இல் அவருடைய பள்ளிக்கூடம் மூடப்பட்டது. எனக்கு இந்தக் கதை எழுதக் கை தானாக ஓடியது. பெயர்களை மாற்றினால் எங்கள் கதைதான். நாலைந்து இடைவேளைகளில் எட்டுப் பக்கம் எழுதிவிட்டேன். மிச்சம் இருந்தது ஒரே ஓர் இடைவெளி. 2017இன் கடைசியிலிருந்து நாலு வருடம் அவர் சண்டை இல்லாத பக்கத்தில், ஒரு பெரிய நகரத்தில் இருந்திருக்கிறார். அங்கே என்ன பிரச்சினை, ஏன் அங்கிருந்தும் ஓடி வந்தீர் என்று கேட்டேன்.

அது ஒக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை, காலை 9.30 இடைவேளை. சாப்பாட்டு அறையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பகிடி எல்லாம் போய்விட்ட குரலில், அந்த நாலு வருடமும் தான் ஒரு மின்சார வேலைக்காரருடன் ஒரே வீட்டில் வாழ்ந்ததாகச் சொன்னார். அயலவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்று சொல்லி வைத்திருந்தார்கள். உண்மையில் கணவனும் மனைவியும் எப்படியோ அப்படி. யாரோ காட்டிக் கொடுத்துவிட்டார்கள். பொலிஸ் வந்த மாலை இவர் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வராதே என்று அயல் வீட்டுப் பெண் ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள். அன்று போட்டிருந்த உடுப்போடு போனவர்தான், திரும்பவில்லை. அந்த மின்சார வேலைக்காரரைச் சிறையில் போட்டுவிட்டார்கள். ஆணும் ஆணும் சேர்ந்து வாழ்வது அந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை மறியல்.

நான் பேனையை மூடினேன்.

"இதை அங்கை சொல்லாதையும். ஒருத்தரிட்டையும் சொல்லாதையும்" என்றேன். ஒரு கேஸுக்கு ஒரு காரணம் போதும், சண்டைக் கதையே பலமாக இருக்கிறது, இதைச் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும் என்று விளக்கினேன். அவர் நான் எழுதிய எட்டுப் பக்கத்தையும் ஒரு தரம் புரட்டினார். விசாரணைக்கு வரும் மொழிபெயர்ப்பாளர் தன் நாட்டுக்காரராகவே இருக்கலாம், அவர் முன்னால் இதைச் சொல்லத் தனக்கும் பயம்தான் என்றார். நீங்கள் அனுபவசாலி, நீங்கள் சொன்னால் சரி என்றார். அந்த நாலு வருடத்தை நான் இரண்டே வரியில் எழுதி முடித்தேன். நகரத்துக்குப் போனார், வாழ வழி கிடைக்கவில்லை, வெளிநாடு வந்தார்.

விதியை நினைத்து மட்டும்தான் அப்படிச் சொன்னேன் என்று இங்கே எழுதினால் அது பொய். அன்று மாலை வழக்கம்போல நாட்குறிப்பு எழுதினேன். எனக்கு உள்ளே என்ன இருந்ததோ அதையும் எழுதினேன். அடுத்த நாள் கடதாசிக் கப் ஒரு பக்கெற் வாங்கினேன். கொரோனா இன்னும் போகவில்லை, சுகாதாரத்துக்கு நல்லது என்று சொல்லி அவருக்கு அதில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். நன்றி என்று வாங்கிக் குடித்தார். பிளாஸ்க் மூடி அன்றிலிருந்து எனக்கு மட்டும்.

விசாரணை முடிந்து, 2023 பெப்ரவரியில் நிராகரித்த கடிதம் வந்தது. காரணம் ஒரே பந்தியில் இருந்தது. சண்டை இரண்டு மாகாணங்களில்தான். விண்ணப்பதாரர் நாலு வருடம் வேறு நகரத்தில் பிரச்சினை இல்லாமல் வாழ்ந்திருக்கிறார். அங்கே திரும்பிப் போகலாம். எனக்கு அதை வாசித்துக் காட்டியபோது, நான் இரண்டு வரியில் மூடிய அந்த நாலு வருடத்திலேயே அவரைக் கொண்டுபோய் விடப் பார்க்கிறார்கள் என்பது விளங்கியது. விளங்கியும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வக்கீலைப் பிடியும் என்றேன். அவ்வளவுதான். பிறகு ஏறத்தாழ ஒரு வருடம், ஒரே விரிப்பின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொண்டு, தேவைக்கு மேல் பேசாமல் வேலை செய்தோம். மிஸ்டர் கலண்டர் என்று அவர் கூப்பிடுவதும் நின்றுவிட்டது.

2024 ஜனவரி 16, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 2.10க்கு உடுப்பு மாற்றும் அறையில் என்னிடம் வந்தார். தன் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வி, ஏன் இதை விசாரணையில் சொல்லவில்லை என்பது. நீதிபதியும் அதைத்தான் கேட்பாராம். கடிதம் வந்த பிறகு புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறீர் என்று நினைத்துவிட்டால் முடிந்தது. நம்பினால் வெல்லலாம்; ஆணோடு வாழ்வதைக் குற்றமாக்கும் அந்தச் சட்டம் இரண்டு மாகாணத்துக்கு அல்ல, முழு நாட்டுக்கும். ஒளிந்துகொள்ள வேறு நகரம் கிடையாது. அந்தக் கடிதம் வருவதற்கு முன்பே இதை யாரிடமாவது சொன்னீரா என்று வக்கீல் கேட்டிருக்கிறார்.

"மிஸ்டர் கலண்டர், அன்றைக்கு நான் சொன்னதை நீங்கள் எழுதியிருப்பீர்கள்தானே?"

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரைக் கேட்டேன். தேடிப் பார்க்கிறேன் என்று சொன்னேன். தேட என்ன இருக்கிறது? மேல் தட்டில் வலப் பக்கத்திலிருந்து இரண்டாவது புத்தகம். வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடத்தில் எடுத்து வாசித்தேன். வாசித்துவிட்டு, அடுத்த ஒன்பது நாளும் அவர் கேட்கும்போதெல்லாம் இன்னும் கிடைக்கவில்லை என்றேன். அந்தப் பொய்யை எந்த நாளிலும் குறித்து வைக்கவில்லை. என் நாட்குறிப்புகளில் இல்லாத விஷயம் என்று எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பத்தாம் நாள், புத்தகம் தட்டில் நிற்காமல் மேசையில் படுத்துக் கிடப்பதை மனைவி கண்டுபிடித்தார். என் நாட்குறிப்பைத் தொடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். முதலில் அவருக்கு வந்தது பயம். எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடும் ஊரில், மாதம் ஒரு தமிழ்ப் பூசையில், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

"உதைத் தமிழிலையிருந்து மாத்திறதும் எங்கட பிள்ளை ஒண்டாத்தானே இருக்கும். பிறகு கோயிலுக்குப் போய் முகத்தை எங்கை வைக்கிறது?"

அதுதான் எனக்கும் யோசனை என்றேன். பக்கத்தின் முதல் நாலு வரியை மட்டும் மொழிபெயர்க்கக் கொடுக்கலாம், அவர் சொன்னார் என்பதற்கு அது போதும், மிச்சம் தேவையில்லை என்றும் சொன்னேன். மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டுப் புத்தகத்தை இழுத்து எடுத்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் வாசித்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. போய் அதைத் தணித்துவிட்டு வந்தார்.

"விடிய எழும்பி இஞ்சி தட்டிப் போட்டுத் தந்த தேத்தண்ணியை இப்பிடியே குடுத்தனீங்கள்?"

கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கப் பக்கெற் பையுக்குள்ளை கிடந்ததைக் கண்டனான். வேலையிடத்திலை தாறாங்கள் எண்டு நினைச்சன்." புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "குடுங்கோ. முழுப் பக்கத்தையும் குடுங்கோ. அரைவாசியைக் குடுத்தால், அதுவும் நீங்கள் எழுதின கேஸ் மாதிரித்தான்."

அடுத்த நாள் காலை பிளாஸ்க்கோடு இரண்டு பீங்கான் கப்புகளைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். நாட்குறிப்பின் பிரதியை அன்றே வக்கீலிடம் கொடுத்தேன். ஆனால் அந்தக் கப்புகளை வெளியே எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. எடுத்தால், இதுவரை ஏன் எடுக்கவில்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டி வரும். ஏழு கிழமை அவை தினமும் என்னோடு வேலைக்கு வந்து, துவாய்க்குள் இருந்தபடியே வீடு திரும்பின. அவர் கடதாசிக் கப்பிலேயே குடித்தார்.

நீதிபதி மூலப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். பதிவு பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரையும் நீதிமன்றத்துக்கு அழைத்திருந்தார். நடைபாதை வாங்கின் மறு முனையில் வந்து உட்கார்ந்தது நாங்கள் பயந்தபடியே எங்கள் பிள்ளை ஒன்று. முப்பது வயது இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்தவர். தாய் தகப்பனுக்கு யாழ்ப்பாணம். கலைவிழாக்களில் கண்ட முகம். அந்தப் பக்கத்தைப் பற்றி நாங்கள் இருவரும் பேசக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். சும்மா இருக்க முடியாமல் நான், அந்த நாட்டில் சட்டமே இப்படியாம், என்ன நாடோ என்று ஏதோ முணுமுணுத்தேன்.

"எங்கட நாட்டிலயும் இருக்கு, அங்கிள்" என்றார். குத்திக்காட்டும் குரல் அல்ல. நேரம் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். "வெள்ளைக்காரன் எழுதி வைச்சிட்டுப் போனது, இன்னும் எடுக்கேல்லை. இஞ்சயும் கடைசித் துண்டை எடுத்தது தொண்ணூற்றி நாலிலதான்."

நான் 1990இல் வந்தவன். நாலு வருடம் அந்தத் துண்டு இருந்த நாட்டில் இருந்திருக்கிறேன். பிறந்த நாட்டில் இருபத்தொரு வருடம். இத்தனை பக்கம் எழுதியவனுக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை.

11.20க்குக் கூப்பிட்டார்கள். சின்ன அறை. நீதிபதி ஐம்பது வயதுப் பெண். எல்லாம் எழுத ஆள் கிடையாது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் கையில் இருந்த சின்ன ஒலிப்பதிவுக் கருவியில் அவரே சொல்லிப் பதிந்துகொண்டார். அவர், என் சக வேலையாள், வக்கீலுக்குப் பக்கத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலையிடத்தில் காணாத வெள்ளைச் சட்டை.

விசாரணை அறிக்கையின் கடைசிக் கேள்வியை நீதிபதி வாசித்தார். இவற்றைத் தவிர வேறு காரணம் ஏதும் உண்டா என்று அன்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். ஏன் இல்லை என்றார் என்று உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். அந்தப் பதில் என்னுடையது, நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். கேஸ் எழுதும் வழக்கத்தையும் என் விதியையும் விளக்கினேன். நீதிபதி இடைமறிக்காமல் கேட்டார்.

பிறகு புத்தகத்தை வாங்கி மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, முதலில் ஒக்டோபர் 10ஆம் திகதியை வாசிக்கச் சொன்னார். உண்மையான நாட்குறிப்புத்தானா என்று பார்க்கத்தான். அந்தப் பிள்ளை ஜெர்மன் மொழியில் வாசித்தார். பத்துப் பாகை, மழை விட்டு விட்டு. பஸ் நாலு நிமிடம் பிந்தியது. இடது சப்பாத்துக்குள் தண்ணீர். புழுங்கல் அரிசி முடிந்துவிட்டது. நீதிபதியின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. அடுத்த பக்கம் என்றார்.

அன்று நான் எழுதியது இதுதான்: 'பதினொரு பாகை, மப்பு. பஸ் நேரத்துக்கு. 9.30 இடைவேளையில் கமரூன்காரர் இன்னொரு விஷயம் சொன்னார். அங்கே நகரத்தில் நாலு வருடம் ஓர் ஆணோடு குடும்பம் போல இருந்தவராம். பொலிஸ் அந்த ஆளைப் பிடித்து மறியலில் போட்டதாம். இதை விசாரணையில் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு அருவருப்பாக இருந்தது. இவ்வளவு நாளும் ஒரே கப்பில் குடித்திருக்கிறேன்.'

ஆறாவது வாக்கியத்துக்குப் பிறகு அந்தப் பிள்ளை வாசிப்பதை நிறுத்தினார். நிமிர்ந்து, தமிழில், மெதுவாகக் கேட்டார்.

"அங்கிள், இதையும் வாசிக்கவோ?"

"ஓம் பிள்ளை. எழுதினபடி வாசியுங்கோ."

என்ன பேசினீர்கள் என்று நீதிபதி கேட்டார். அவர் அதையும் அப்படியே மொழிபெயர்த்துச் சொன்னார். பிறகு மிச்ச இரண்டு வாக்கியங்களையும் வாசித்தார். நான் தமிழில் எழுதி, தமிழில் மறைத்து வைத்திருந்த சொற்கள் இன்னொரு மொழியில், இன்னொருவர் குரலில், அந்த அறையில் எல்லோருக்கும் கேட்டன. அடுத்த பக்கத்தையும் வாசிக்கச் சொன்னார். 'வேலை முடிந்து கடதாசிக் கப் ஒரு பக்கெற், 50, வாங்கினேன். நாளைக்கு அவருக்கு இதில் கொடுக்க வேண்டும்.'

அடுத்த நாளே என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தது பிழை; கொடுத்தது பதின்மூன்றாம் திகதி. அதற்குள் ஒரு நாள் தேநீர் கொடுக்காமலே விட்டிருக்கிறேன்.

கப் எதற்கு வாங்கினீர்கள் என்று நீதிபதி கேட்டார். சுகாதாரத்துக்கு என்று சொல்லப் போகும் வாயை நானே உணர்ந்தேன். எங்கள் ஊரில் தேநீர்க் கடைகளில், சாதி குறைந்தவர்கள் என்று சொல்லி ஒதுக்கிய ஆட்களுக்குத் தனிப் பேணி, தனித் தகரக் குவளை, வைத்திருந்தார்கள் என்றேன். அது பெரிய பிழை என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்கள். நானும் பிழை என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இந்தக் கப் அந்தப் பேணிதான் என்றேன். 'சாட்சி சிறிது நேரம் பேசவில்லை' என்று நீதிபதி கருவியில் பதிந்துகொண்டார்.

அவரை நான் அன்று வெளியே, ட்ராம் தரிப்பிடத்தில்தான் நேராகப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் ட்ராம் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடதாசிக் கப் எதற்கென்று எனக்கு முதல் நாளே தெரியும்" என்றார்.

"பிறகு ஏன் குடிச்சனீர்?"

"தேநீர் நன்றாக இருந்தது. வேறு யாரும் எனக்கு ஊற்றித் தரவும் இல்லை." மன்னிப்பைப் பற்றி இன்றைக்கு எதுவும் சொல்லமாட்டேன் என்றார். சரி என்றேன். ட்ராமில் இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள், வெள்ளிக்கிழமை, 9.30 இடைவேளையில் துவாயை அவிழ்த்து இரண்டு பீங்கான் கப்புகளையும் மேசையில் வைத்து ஊற்றினேன். இரண்டும் ஒரே மாதிரி, நீலக் கரை. அவர் தன் முன்னால் இருந்ததைச் சுற்றிப் பார்த்தார். கடதாசி முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன்.

"பொய். பைக்குள் இன்னும் அரைப் பக்கெற் இருக்கிறது. நான் கண்டேன்" என்றார். சிரிக்கவில்லை. ஆனால் குடித்தார்.

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை தீர்ப்பு எழுத்தில் வந்தது. அவரை அகதியாக ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தது. வக்கீல் எனக்கு ஒரு வாக்கியத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். தன்னையே இந்த அளவுக்குத் தாழ்த்தும் ஒரு குறிப்பை, பிறருக்கு உதவுவதற்காக ஒருவர் பின்னர் எழுதிச் சேர்த்திருப்பார் என்று நீதிமன்றம் கருதவில்லை என்பது அதன் பொருள். ஆகக் கேவலமான இரண்டு வரிதான் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் நாலு வரியை மட்டும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க எனக்கு இன்றும் பயம்.

அவர் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறார்; திரும்பவும் ஆசிரியராவதற்குப் படிக்கிறார். மன்னிப்பைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இடைக்கிடை, போன செவ்வாய்க்கிழமை நான் சந்தோஷமாக இருந்தேனா என்று ஒரு குறுஞ்செய்தி வரும். மறியலுக்குப் போன அந்த மின்சார வேலைக்காரரைப் பற்றி அவருக்கு இன்றுவரை எந்தச் செய்தியும் இல்லை. அந்தத் தமிழ்ப் பிள்ளை இதை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கோயிலில் யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதை நானே எழுதுகிறேன்.

நாட்குறிப்பு இன்றும் எழுதுகிறேன், பாகை, பஸ் நேரம் எல்லாம் பழையபடிதான். ஆனால் எழுதி முடித்ததும், இந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளை அந்த அறையில் உரக்க வாசித்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேனா என்று ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் பேனையை மூடுகிறேன்.